கண்ணுக்குள் ஸ்டீராய்டு ஊசி: குப்பியிலேயே வந்த பூஞ்சை

போன வருஷம் அம்மாவின் வலது கண்ணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடவேண்டும் என்றார் டாக்டர். அம்மாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. விழித்திரையின் நடுவில் இருக்கும் மாகுலாவில் நீர் கோத்துக்கொண்டு, பேப்பரில் எழுத்தெல்லாம் நெளிஞ்சு தெரியுதுன்னு சொல்லிக்கொண்டிருந்தார். வேறு வகை ஊசி ஐந்து முறை போட்டும் வீக்கம் முழுசாக வடியவில்லை. அடுத்தது ஸ்டீராய்டு.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, பத்துப் பதினைந்து வரிகளுக்கு நடுவில் "கண்ணுக்குள் தொற்று ஏற்பட வாய்ப்பு உண்டு" என்று ஒரு வரி. எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டேன். "ஆயிரக்கணக்குல ஒருத்தருக்கு சார், பயப்படாதீங்க" என்றார் அங்கிருந்த சிஸ்டர். அவர் சொன்னது தப்பே இல்லை. கண்ணுக்குள் போடும் ஊசிகளைப் பற்றிய பெரிய ஆய்வுகளும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கின்றன: இரண்டாயிரம், மூவாயிரம் ஊசிக்கு ஒன்று.

ஆனால் சாஃப்ட்வேரில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு "ஆயிரத்தில் ஒன்று" என்று யாராவது சொன்னால் உடனே ஒரு சந்தேகம் வரும். அந்த ஆயிரமும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவையா? பத்து சர்வர் வைத்திருக்கிறோம், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பழுதாகும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கணக்குப் போட்டு நிம்மதியாகத் தூங்குவோம். பத்தும் ஒரே பவர் சப்ளையில் தொங்குகிறது என்பது அது புகையும்போதுதான் தெரியும். கண் ஊசிக்கும் அப்படி ஒரு பவர் சப்ளை இருக்கிறதா என்று தேடப்போய்ச் சேர்ந்த குறிப்புகள் இவை. நான் டாக்டர் இல்லை. படித்ததைப் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. சர்க்கரை நோயில் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியும். ஸ்டீராய்டு அந்தக் கசிவையும் வீக்கத்தையும் குறைக்கும். சொட்டு மருந்து கண்ணின் பின்பக்கம் வரை போதுமான அளவுக்குப் போய்ச் சேராது. அதனால் கருவிழி ஓரத்திலிருந்து 3.5, 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழி வழியாக மெல்லிய ஊசியை இறக்கி, உள்ளே இருக்கும் ஜெல்லி போன்ற விட்ரியஸ் திரவத்துக்குள் மருந்தை விடுகிறார்கள். அந்த ஜெல்லியின் மொத்த அளவே சுமார் 4 மில்லி. போடும் மருந்து வெறும் 0.1 மில்லி, அதற்குள் 4 மில்லிகிராம் ட்ரையாம்சினலோன். தண்ணீரில் லேசில் கரையாத வெள்ளைப் பொடி அது. அப்படிக் கரையாமல் இருப்பதுதான் அதன் சிறப்பும். உள்ளே படிந்து மெதுவாகக் கரைந்து ஏறக்குறைய மூன்று மாதம் வேலை செய்யும். மருந்தின் அளவு பாதியாகக் குறையவே பதினெட்டு, பத்தொன்பது நாள் ஆகிறதாம். கண் அழுத்தம் ஏறுவது, கண்புரை வருவது என்று தெரிந்த பக்கவிளைவுகள் உண்டு. அவற்றை டாக்டர்களே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள், இங்கே விட்டுவிடுகிறேன்.

விட்ரியஸில் ரத்தக்குழாய் கிடையாது. ரத்தம் வராத இடத்துக்குக் காவலுக்கு வரும் வெள்ளை அணுக்களும் தாமதமாகத்தான் வரும். உடம்பில் வேறு எங்காவது நூறு பாக்டீரியா நுழைந்தால் சத்தமில்லாமல் தின்று தீர்த்துவிடும். இங்கே அதே நூறு, இரண்டு மூன்று நாளில் பெருகிக் கண்ணையே சீழாக்கிவிடும். இதற்குப் பெயர் எண்டோஃப்தால்மிடிஸ்.

வழக்கமாக அந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நோயாளியின் இமையோரத்திலிருந்தும் கண் சவ்விலிருந்தும்தான். அதனால்தான் ஊசிக்கு முன்னால் போவிடோன் அயோடின் விட்டுக் கழுவுகிறார்கள். சில சமயம் வாயிலிருந்து தெறிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஊசி போடும்போது டாக்டரும் நோயாளியும் பேசக்கூடாது என்று சொல்வது அதற்காக. (அம்மாவை ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்க வைத்ததுதான் அன்றைக்கு நடந்த பெரிய சாதனை.) சிஸ்டர் சொன்ன "ஆயிரக்கணக்கில் ஒன்று" இந்த வகையைத்தான் சொல்கிறது. ஒருவருக்கு வந்தால் அடுத்த நாற்காலியில் இருப்பவருக்கும் வரும் என்று அர்த்தமில்லை.

ஸ்டீராய்டு ஊசியில் மட்டும் இதற்கு மேல் இரண்டு சிக்கல்.

ஒன்று, ஸ்டீராய்டின் வேலையே உடம்பின் எதிர்ப்பை அடக்குவது. ஏற்கெனவே காவல் குறைந்த இடத்தில் மிச்சமிருக்கும் காவல்காரனையும் தூங்கவைக்கிறோம். கண் தொற்றின் அடையாளங்கள் என்ன? வலி, சிவப்பு, இமை வீக்கம். இவை கிருமி நேரடியாகச் செய்பவை அல்ல, பெரும்பாலும் கிருமியோடு நம் உடம்பு போடும் சண்டையின் விளைவுகள். சண்டையை அடக்கினால் அலாரமும் அடிக்காது. கிருமி பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும், நோயாளி "வலி ஒண்ணும் இல்ல டாக்டர், கொஞ்சம் மங்கலா இருக்கு, அவ்வளவுதான்" என்பார்.

இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். எண்டோஃப்தால்மிடிஸ் வந்தால் கருவிழிக்குப் பின்னால், கண்ணின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாகச் சீழ் படியும். டாக்டர் விளக்கடித்துப் பார்க்கும் முக்கியமான அறிகுறி அது. ட்ரையாம்சினலோன் பொடியும் சிலருக்கு முன்பக்கம் நழுவி வந்து அதே இடத்தில் அதேபோல வெள்ளையாகப் படியும்! பொய்ச் சீழ் என்றே இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அனுபவம் உள்ள கண்கள் பிரித்துச் சொல்லும்: பொடி கொஞ்சம் பளபளக்கும், தலையைச் சாய்த்தால் இடம் மாறும். ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டால் உள்ளிருந்து சாம்பிள் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பி, முடிவு வரும்வரை காத்திராமல் ஆன்டிபயாடிக்கை நேராகக் கண்ணுக்குள் போடுவதுதான் வழக்கம். மருந்தைச் சீழ் என்று நினைத்தால் தேவையில்லாத ஊசி. சீழை மருந்து என்று நினைத்தால் கண் போச்சு.

2003இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வில், 922 ட்ரையாம்சினலோன் ஊசிகளில் 8 பேருக்குத் தொற்று. நூற்றில் கிட்டத்தட்ட ஒன்று. இன்றைய சராசரியைவிடப் பல மடங்கு. சந்தேகப்பட்ட காரணங்களில் ஒன்று, ஒரே பாட்டிலிலிருந்து பலருக்கு மருந்து எடுத்தது. இதைப் படித்ததும்தான் என் கவனம் ஊசியிலிருந்து குப்பிக்குப் போனது.

இனி 2012. அந்த வருஷம் மார்ச் மாதம், கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் சுகாதாரத் துறைக்கு ஒரு தகவல் வருகிறது. ஒரே அறுவை சிகிச்சை மையத்தில் ஒன்பது பேருக்குக் கண்ணுக்குள் பூஞ்சைத் தொற்று. பூஞ்சை எண்டோஃப்தால்மிடிஸ் அபூர்வமான வியாதி. ஒரே இடத்தில் ஒன்பது என்பது தற்செயலாக இருக்கவே முடியாது. ஒன்பது பேருக்கும் விழித்திரை அறுவையின்போது பிரில்லியன்ட் ப்ளூ என்ற நீலச் சாயம் பயன்படுத்தப்பட்டிருந்தது. சாயம் வந்தது ஃப்ளோரிடா மாநிலம் ஒக்காலா ஊரில் இருந்த ஃப்ராங்க்ஸ் காம்பவுண்டிங் லேப்பிலிருந்து. விசாரணை விரிந்தபோது சாயமே படாத வேறு நோயாளிகளும் வந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் ட்ரையாம்சினலோன் கலந்த ஊசி போட்டிருந்தது. மருந்து அதே லேப்!

கடைசிக் கணக்கு: 9 மாநிலங்களில் 47 பேர். சாயத்தால் 21, ஸ்டீராய்டு ஊசியால் 26. இதில் என்னை உட்கார வைத்த விவரம் ஒன்று உண்டு. இரண்டு கூட்டத்திலும் இருந்தது ஒரே பூஞ்சை அல்ல. சாயம் பட்டவர்களிடம் ஃபியூசேரியம், ஸ்டீராய்டு போட்டவர்களிடம் பைபோலாரிஸ். ஒரு பூஞ்சை ஒரு நாள் தப்பித் தவறி விழுந்தது என்றால் விபத்து. இரண்டு தனித்தனிப் பூஞ்சை இரண்டு தனித்தனி மருந்துக்குள் புகுந்தது என்றால் அந்தக் கட்டடத்திலேயே கோளாறு. பிரிக்காத சாயக் குப்பி ஒன்றுக்குள்ளேயே ஃபியூசேரியம் இருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சோதனைக்குப் போனபோது, கிருமி இல்லாத மருந்து தயாரிக்கும் சுத்த அறையிலேயே பூஞ்சை வளர்ந்திருந்தது. விவரம் கிடைத்த 40 நோயாளிகளில் 39 பேருக்குப் பார்வை குறைந்துபோனது.

காம்பவுண்டிங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்க, கம்பவுண்டர் உள்ளே போய் மிக்ஸ்சர் கலக்கிக் கொண்டுவருவாரே, அதேதான். ஒரு நோயாளிக்காக, ஒரு சீட்டுக்காகக் கலப்பது. கண் விஷயத்தில் இதற்கு நியாயமான தேவை இருந்தது. கடையில் கிடைத்த ட்ரையாம்சினலோன் மூட்டுக்கும் தசைக்கும் போடுவதற்காகச் செய்தது. அதில் கிருமி வளராமலிருக்கச் சேர்க்கும் பென்ஸைல் ஆல்கஹால் விழித்திரைக்கு ஆகாது என்ற பயம். அதனால் அந்தப் பாதுகாப்பு ரசாயனம் இல்லாமல் கலந்து கேட்டார்கள். (அது இல்லாத கம்பெனித் தயாரிப்புக்கு 2007இல்தான் அங்கே அனுமதி கிடைத்தது, விலையும் கூடுதல்.) சில டாக்டர்கள் ட்ரையாம்சினலோனையும் பெவாசிஸுமாபையும் ஒரே ஊசியில் சேர்த்துக் கேட்டார்கள். இரண்டு தடவை குத்துவதற்குப் பதில் ஒரே தடவை.

இங்கேதான் என்ஜினியர் மூளைக்கு வேலை வருகிறது. ஊசி மருந்திலிருந்து கிருமியை எடுக்கப் பொதுவாக இரண்டு வழி. ஒன்று ஆட்டோக்ளேவில் வைத்து அழுத்த நீராவியில் சுடவைப்பது. இன்னொன்று 0.22 மைக்ரான் துளை உள்ள ஃபில்டரில் வடிகட்டுவது. பாக்டீரியாவும் பூஞ்சையும் அந்தத் துளையில் நுழையாது. இப்போ ட்ரையாம்சினலோனை எடுத்துக்கொள்ளுங்க. அது கரைசல் இல்லை, பொடி மிதக்கும் கலங்கல். வடிகட்டினால் கிருமியோடு சேர்ந்து மருந்தும் ஃபில்டரிலேயே நின்றுவிடும். பெவாசிஸுமாப் ஒரு புரதம். அதைச் சுடவைத்தால் முட்டை வெந்த மாதிரி கெட்டுப்போகும். இரண்டையும் கலந்துவிட்டால்? வடிகட்டவும் முடியாது, சுடவைக்கவும் முடியாது. கலந்த பிறகு கிருமியை எடுக்க வழியே இல்லை.

அப்போ என்ன மிச்சம்? கலப்பவரின் கை, அந்த அறையின் காற்று, அன்றைக்கு அவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது. கடைசி ஃபில்டர் கிடையாது. பாதுகாப்பு ரசாயனத்தை நாமே வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். கண்ணுக்குள் காவல் குறைவு. இருக்கிற காவலையும் மருந்தே அடக்கிவிடும். வரிசையாக நான்கு கதவு, நான்கும் திறந்து கிடக்கிறது. ஒவ்வொன்றையும் திறந்ததற்குத் தனித்தனியாகக் கேட்டால் நல்ல காரணம் இருக்கிறது என்பதுதான் கொடுமை.

என் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். நீலச் சாயம் கலங்கல் இல்லை, நல்ல கரைசல், வடிகட்டக்கூடியது. அதிலும் பூஞ்சை வந்தது. ஆகவே ஃபில்டர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. வடிகட்டிய பிறகு குப்பியில் அடைப்பதும் அதே அறையில்தானே. வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: மோசமான அறை சாயத்தையும் கெடுக்கும், ஆனால் ஸ்டீராய்டு கலவைக்கு அந்த அறையைத் தவிர வேறு பாதுகாப்பே இல்லை.

அந்த லேப்பின் பெயர் அதற்கு மூன்று வருஷம் முன்பே செய்தியில் வந்திருந்தது. 2009 ஏப்ரலில் ஃப்ளோரிடாவில் வெனிசுவேலா போலோ அணி ஒன்றின் குதிரைகள் 21 கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. அவற்றுக்குக் கொடுத்த சத்து ஊசியில் செலினியம் அளவு மீறி இருந்தது. கலந்தது ஃப்ராங்க்ஸ். தப்பு நடந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷம் எஃப்.டி.ஏ. விலங்குகளுக்கு அவர்கள் மருந்து கலப்பதைத் தடுக்க வழக்குப் போட்டது. 2011 செப்டம்பரில் நீதிமன்றம் லேப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சீட்டுக்கு மருந்து கலப்பது மாநிலங்களின் பொறுப்பு, எஃப்.டி.ஏ. எல்லை தாண்டுகிறது என்பது வாதம். ஆறே மாதத்தில் கண்கள். குதிரை வழக்கில் ஜெயித்ததால்தான் கண் போனது என்று சொல்லவரவில்லை, இரண்டும் வேறு வேறு தயாரிப்பு. ஆனால் ஒரு முறை அளவு தவறிய இடம் என்று தெரிந்தும் அதைக் கூர்ந்து பார்க்க யாருக்கு அதிகாரம் என்பதே முடிவாகாமல் கிடந்தது.

அதே 2012 செப்டம்பரில் இதைவிடப் பெரியது வெடித்தது. மாசசூசெட்ஸில் இருந்த நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் தயாரித்த மெதில்ப்ரெட்னிசலோன், முதுகுவலிக்குத் தண்டுவடத்தின் அருகே போடும் ஸ்டீராய்டு. அதுவும் கலங்கல், அதிலும் பாதுகாப்பு ரசாயனம் இல்லை. ஏறக்குறைய 14,000 பேருக்குப் போட்டிருந்தார்கள். 20 மாநிலங்களில் 753 பேருக்குப் பூஞ்சைத் தொற்று, பலருக்கு மூளைக்காய்ச்சல், 64 மரணம். இந்த மருந்தைச் சுடவைக்க முடியும். சுடவைத்தார்கள், குறைந்தது 20 நிமிஷம் வைக்கவேண்டியதைப் பதினைந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள் என்பது அரசுத் தரப்புக் குற்றச்சாட்டு. நிறுவனத் தலைவர் பாரி கேடன் சிறைக்குப் போனார். 2013 நவம்பரில் அமெரிக்கா புதுச் சட்டம் கொண்டுவந்தது. மொத்தமாகக் கலந்து விற்கும் நிறுவனங்கள் எஃப்.டி.ஏ.வில் பதிவு செய்துகொண்டு, மருந்துத் தொழிற்சாலைக்குரிய தரவிதிகளின்கீழ் வர அதில் ஒரு வழி வகுத்தார்கள். பதிவு கட்டாயம் இல்லை என்பது எனக்குக் குறையாகத்தான் படுகிறது.

"டெஸ்ட் பண்ணித்தானே அனுப்பறாங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டில் குப்பியை உடைத்து, 14 நாள் வளர்த்துப் பார்க்கவேண்டும். டெஸ்ட் பண்ணின குப்பியை விற்க முடியாது. ஆகவே சாம்பிள்தான். பெரிய பேட்ச்சில் 20 குப்பி எடுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பேட்ச்சில் நூற்றுக்கு ஒரு குப்பியில் பூஞ்சை இருந்தால், அந்த 20-ம் சுத்தமாகவே அமையும் வாய்ப்பு எவ்வளவு? 0.99-ஐ இருபது முறை பெருக்குங்க. 82 சதவீதம்! ஆயிரம் குப்பியில் பத்துப் பேரின் கண்ணைக் கெடுக்கக்கூடிய பேட்ச், ஐந்தில் நான்கு தடவை பாஸ் ஆகிவிடும். இதைப் பார்த்த பிறகு எனக்கு டெஸ்ட் ரிப்போர்ட் மேல் இருந்த மரியாதை குறைந்து, தயாரிக்கும் முறை மேல் கூடிவிட்டது. சாஃப்ட்வேரிலும் அப்படித்தான், கடைசியில் செய்யும் டெஸ்டிங்கால் தரத்தை உள்ளே திணிக்க முடியாது.

பிரித்துக் கலக்கும் எல்லாரையும் வில்லனாக்குவதும் சரியில்லை. அம்மாவுக்கு முதலில் போட்ட ஐந்து ஊசியும் பெவாசிஸுமாப். புற்றுநோய்க்கு வந்த 100 மில்லிகிராம் குப்பியிலிருந்து கண்ணுக்கு வேண்டிய 1.25 மில்லிகிராமாகப் பிரித்துப் போடுவதுதான் நம் நாட்டில் பரவலான வழக்கம். விலை அவ்வளவு குறைவதற்கு அதுதான் காரணம். அது இல்லையென்றால் எத்தனையோ பேர் ஊசியே போட்டுக்கொள்ளாமல் பார்வையை இழந்திருப்பார்கள். பிரிக்கும் அறை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆகவே ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்டேன். இந்த ஸ்டீராய்டு கம்பெனியில் அடைத்து வந்ததா, எங்கேயாவது கலந்து வந்ததா? ஒரு குப்பி அம்மாவுக்கு மட்டும்தானா? பேட்ச் நம்பர் எழுதித் தருவீர்களா? கோபப்படுவார் என்று நினைத்தேன். கம்பெனிக் குப்பிதான், ஒருவருக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டியின் மேல்மடிப்பைக் கிழித்து என் கையில் கொடுத்தார். பேட்ச் நம்பரும் தேதியும் அதிலேயே இருந்தது. அமெரிக்காவில் 2012இல் பலரைத் தேடிப் பிடித்து எச்சரிக்க முடிந்தது, யாருக்கு எந்த மருந்து போட்டார்கள் என்ற பதிவு இருந்ததால்தான்.

இன்னொன்றும் கேட்டேன், எத்தனை நாள் கவனமாக இருக்கணும்? ஒரு வாரம் என்பார் என்று எதிர்பார்த்தேன். பாக்டீரியா என்றால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், பூஞ்சை வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில்கூடப் பதுங்கியிருக்கும், மருந்து உள்ளே இருக்கும் மூன்று மாதமும் பார்வை மங்கினால் வலி இல்லாவிட்டாலும் வாங்க என்றார். "வலி இல்லாவிட்டாலும்" என்பதை அம்மாவுக்கு இரண்டு தடவை சொன்னார்.

ஊசி போட்ட அன்று ராத்திரி பத்தரைக்கு ஊரிலிருந்து ஃபோன். "ஏம்ப்பா, கண்ணுக்குள்ள கொசு கொசுவா பறக்குது." வலி இல்லை, சிவப்பு இல்லை. இவ்வளவு படித்த பிறகு அந்த "வலி இல்லை" எனக்கு நிம்மதியைத் தரவில்லை. காலையில் முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு போனேன். விளக்கடித்துப் பார்த்தார், பாப்பாவை விரித்து மறுபடி பார்த்தார். விட்ரியஸில் மிதக்கும் மருந்துப் பொடிதான், நிழல் விழித்திரையில் விழுகிறது, சில வாரத்தில் அடங்கிவிடும் என்றார். அடங்கியது. மூன்றாவது மாதம் ஸ்கேனில் வீக்கம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கண் அழுத்தம் மட்டும் ஏறி, அதற்குத் தனியாகச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறோம்.

அட்டைப்பெட்டியின் அந்தத் துண்டை அம்மாவின் சர்க்கரை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த ஊசி அடுத்த மாதம். பக்கத்திலேயே இடம் விட்டிருக்கிறது.